பட்ஜெட்டில் பென்ஷன் செலவு இருக்கிறது, பென்ஷன் கடன் எங்கே?

தமிழ்நாடு அரசின் 2025-26 பட்ஜெட்டில் சம்பளத்துக்குச் சுமார் 90 ஆயிரம் கோடி ரூபாய், வட்டிக்கு 70 ஆயிரம் கோடிக்கு மேல், ஓய்வூதியம் உள்ளிட்ட ஓய்வுக்காலப் பலன்களுக்கு 41 ஆயிரம் கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். 2026 மார்ச் இறுதியில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்றும் அதே பட்ஜெட் சொன்னது. அரசின் நிதிநிலை பற்றிப் பேசுகிற எல்லோரும் பிடித்துக்கொள்வது இந்தக் கடைசி எண்ணைத்தான். தலைக்கு எவ்வளவு கடன் என்று வகுத்துப் பார்ப்பதும், போன ஆட்சியோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதும் அதை வைத்துத்தான்.

ஆனால் அந்த 9.29 லட்சம் கோடிக்குள் ஒரு பெரிய கடன் சேரவே இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும், ஊழியர் பங்கு கட்டாமல் அரசே முழுக்கக் கொடுக்கும் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இன்னும் பணியில் இருப்பவர்களுக்கும் அரசு ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டிய ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்புதான் அது. பட்ஜெட் சொல்லும் நிலுவைக் கடனில் அது இல்லை. ஆண்டு முடிந்தபின் வெளியாகும் நிதிக் கணக்குகளிலும் கடனாக ஏறுவதில்லை. மத்திய அரசிலும் மற்ற மாநிலங்களிலும் இதே நிலைதான்.

இது கணக்கர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் என்று விட்டுவிட முடியாது. 20 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் பழைய பென்ஷன், புதிய பென்ஷன் போராட்டத்தில் இரண்டு பக்கத்தையும் ஏமாற்றியது இந்த விடுபடல்தான் என்று நான் நினைக்கிறேன். வரி கட்டுகிறவருக்கு உண்மையான செலவு தெரியவில்லை. ஊழியருக்கோ, தனக்குக் கொடுத்த வாக்குறுதியின் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை.

வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் உதவியாளரை எடுத்துக்கொள்வோம். 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர், அதனால் பழைய திட்டத்தில் இருப்பவர். மாதாமாதம் அவர் சம்பளத்தில் ஜிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக்குப் பணம் பிடிக்கிறார்கள். அந்தப் பணம் அரசின் பொதுக் கணக்கில் (அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணத்தின் கணக்கு) அவர் பெயரில் வரவாகிறது, வட்டி சேர்கிறது. தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகம் ஆண்டுதோறும் அவருக்குக் கணக்குச் சீட்டு தருகிறது. மாநிலத்தின் மொத்தப் பொறுப்புகளை, அதாவது அது தர வேண்டியவற்றை, சிஏஜி என்ற இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கூட்டிச் சொல்லும்போது, அவருடைய ஜிபிஎஃப் இருப்பும் ரூபாய் பிசகாமல் அதில் சேர்ந்துவிடுகிறது. சரி, அதே உதவியாளர் 23 ஆண்டு வேலை செய்து ஈட்டிய ஓய்வூதிய உரிமை? அதற்கு ஒரு சீட்டும் இல்லை, பொறுப்புகளின் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. அவர் ஓய்வு பெற்று, பிபிஓ என்ற ஓய்வூதிய ஆணை வாங்கி, கருவூலத்திலிருந்து முதல் மாத ஓய்வூதியம் வங்கிக்குப் போகும் நாளில்தான் அரசுக் கணக்கின் கண்ணுக்கு அவருடைய பென்ஷன் தட்டுப்படுகிறது.

காரணம், நம் அரசுகள் ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதுகின்றன. பணம் வந்தால் வரவு, பணம் போனால் செலவு. பணம் கை மாறாதவரை எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஓய்வூதியத்துக்கு 2071 என்று ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. மாத ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறுவது) எல்லாம் அந்தத் தலைப்பில் கொடுக்கிற மாதத்தில் செலவாக எழுதப்படும். சாலை போடுவது, நெல் கொள்முதல், மடிக்கணினி வாங்குவது போன்றவற்றுக்கு இந்த முறை பெரிய கெடுதல் செய்வதில்லை. வேலை நடப்பதற்கும் பணம் போவதற்கும் நடுவில் சில மாதங்கள், மிஞ்சிப் போனால் சில ஆண்டுகள்தான் இடைவெளி. ஓய்வூதியத்தில் அந்த இடைவெளி 30 ஆண்டு, 50 ஆண்டு. 1995-ல் செய்த வேலைக்கான கூலியின் ஒரு பகுதி 2045-ல் அந்த ஊழியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமாகப் போகும். 1995 கணக்கில் அது பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

அந்தப் பகுதி எவ்வளவு பெரியது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் உதவியாளர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார், கடைசி அடிப்படைச் சம்பளம் 60 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, மாதம் 30 ஆயிரம், அவருடைய ஓய்வூதியம். ஆண்டுக்கு 3.6 லட்சம். கணக்கு எளிதாக இருக்க, ஓய்வு பெறும் நாளில் அகவிலைப்படியே இல்லை என்றும், அதற்குப் பிறகு ஓய்வூதியம் ஆண்டுக்கு 5 சதவீதம் உயரும் என்றும், அவர் 22 ஆண்டுகள் வாழ்வார் என்றும் கொள்வோம். ஊதியக்குழு வந்தால் ஓய்வூதியம் ஒரேயடியாகத் தூக்கி நிர்ணயிக்கப்படும், 80 வயது தாண்டினால் கூடுதல் ஓய்வூதியம் உண்டு, அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதையெல்லாம் விட்டுவிடுவோம். இத்தனையும் கொடுக்க, ஓய்வு பெறும் நாளில் அரசு எவ்வளவு பணத்தைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும்? அந்தப் பணம் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி ஈட்டும் என்றால், சுமார் 64 லட்சம் ரூபாய்.

முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு பணி வேண்டும். ஆக, அவர் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டும், ஓய்வு நாள் மதிப்பில் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் அவருக்குச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அரசின் பார்வையில் அது ஒவ்வோர் ஆண்டும் வாங்கிய கடன். சம்பளத்தில் ஒரு பங்கை இப்போது கொடுக்காமல் பிறகு தருகிறேன் என்று சொல்லி வேலை வாங்கியிருக்கிறது. அந்த 30 ஆண்டுகளிலும் அரசின் கணக்கில் இதற்கு எழுதிய தொகை பூஜ்யம்.

கணக்கு இப்படி இருந்தால் அரசுகளும் அதற்கேற்பவே நடந்துகொள்ளும். கொரோனா காலத்தில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2020 மே மாதம் தமிழ்நாட்டில் ஓய்வு பெறும் வயது 58-லிருந்து 59 ஆனது. 2021 தொடக்கத்தில் 60 ஆனது. வருவாய் சுருங்கிய நேரம், ஓய்வு பெறுகிற ஒவ்வொருவருக்கும் பணிக்கொடை, கம்யூட்டேஷன், விடுப்புச் சம்பளம் என்று மொத்தமாகக் கொடுக்க வேண்டும். வயதை உயர்த்தியதால் அந்தப் பணம் அந்த ஆண்டு வெளியே போகவில்லை. ரொக்கக் கணக்கில் அது சேமிப்பு. உண்மையில் அந்தக் கடமையில் பெரும்பகுதி அப்படியே தள்ளிப்போனது. ஓய்வூதியம் பெறும் ஆண்டுகள் குறைந்ததில் அரசுக்கு ஓரளவு மிச்சம் உண்டு. இன்னொரு பக்கம், கூடுதல் பணிக்காலமும் உயர்ந்த கடைசிச் சம்பளமும் சேர்ந்து பலன்களைக் கூட்டின. மொத்தத்தில் லாபமா நட்டமா என்று சொல்ல, ஓய்வூதியப் பொறுப்பின் மதிப்பை முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு மதிப்பீட்டை முன்வைத்து அந்த முடிவு விவாதிக்கப்படவில்லை. இளைஞர்களின் வேலைவாய்ப்பு பற்றிப் பேசினோம், அதோடு முடிந்தது.

இதைவிடப் பெரிய உதாரணம், பழைய திட்டத்துக்குத் திரும்பிய மாநிலங்கள். 2022-ல் ராஜஸ்தான் முதலில் அறிவித்தது. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் எல்லாம் அதே முடிவை எடுத்தன. புதிய திட்டமான என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அரசு தன் பங்கை மாதாமாதம் கட்டியாக வேண்டும். மத்திய அரசு 2019 ஏப்ரலிலிருந்து 14 சதவீதம் கட்டுகிறது. அந்தப் பணம் அரசின் கையை விட்டு ஓய்வூதிய நிதி மேலாளர்களிடம் போய்விடும், அதனால் அந்த மாதமே செலவாகத் தெரியும். பழைய திட்டத்துக்கு மாறிய அடுத்த மாதமே அந்தச் செலவு நின்றுவிடும். அதுமட்டுமில்லை. ஊழியரின் 10 சதவீதமும் இனி வெளியே போகாது. அதற்குப் பதில் அவர் ஜிபிஎஃப் கட்டுவார், அது அரசின் பொதுக் கணக்கிலேயே வந்து விழும். ஆக, எதிர்காலத்தில் மிக அதிகச் செலவு வைக்கும் ஒரு முடிவை எடுத்த நாளில், அரசின் கையில் பணம் கூடுகிறது. கணக்கு அதைப் பாராட்டுகிறது!

ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் மாத இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எல்லா மாநிலங்களும் பழைய திட்டத்துக்குத் திரும்பினால் மொத்த நிதிச்சுமை என்பிஎஸ்-ஐப் போல 4.5 மடங்கு வரை போகலாம், 2060 வாக்கில் கூடுதல் சுமை ஆண்டுக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.9 சதவீதத்தைத் தொடலாம் என்று அது மதிப்பிட்டது. குறுகிய காலத்தில் மாநிலங்களுக்குச் செலவு குறையும் என்பதையும், அதுவே இந்த முடிவுக்குத் தூண்டுதலாக இருக்கலாம் என்பதையும் அந்தக் கட்டுரை மறைக்கவில்லை. எல்லோரும் 4.5 மடங்கைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தத் தூண்டுதல் பற்றிய விஷயம். மாநில அரசுகள் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டன என்று திட்டுவது எளிது. பொறுப்பில்லாத முடிவை லாபமாகக் காட்டும் கணக்கு முறையை அப்படியே விட்டுவிட்டு, முடிவெடுத்தவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

மத்திய அரசு இதற்கு ஒரு சுற்றுவழித் தீர்வு கண்டது. என்பிஎஸ்-க்குப் பங்களிக்கும் மாநிலங்களுக்கு அந்த அளவுக்குக் கூடுதலாகக் கடன் வாங்க அனுமதி கொடுத்தது. திரும்பிப் போன மாநிலங்கள் அந்தச் சலுகையை இழந்தன. ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. ஒரு தண்டனையும் ஒரு சலுகையும் வைத்து மாநிலங்களைக் கட்டுப்படுத்துவதைவிட, கடனைக் கடனாக எழுதுவது எவ்வளவோ நேர்மையான வழி.

தமிழ்நாட்டின் கதை மற்ற மாநிலங்களைப் போல இல்லை. இங்கே 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், எல்லோரும் சொல்வதுபோல் சிபிஎஸ். மத்திய அரசு என்பிஎஸ் கொண்டுவந்ததே 2004 ஜனவரியில்தான். நாம் முந்திக்கொண்டோம். ஆனால் அந்தத் தேசியக் கட்டமைப்புக்குள் தமிழ்நாடு போகவே இல்லை. ஊழியரிடம் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தார்கள், அரசு அதே அளவு போட்டது. அந்தப் பணம் ஓய்வூதிய நிதி மேலாளர்களிடம் போகாமல், பொதுக் கணக்கு வழியாக எல்ஐசியிலும் மத்திய அரசின் டிரெஷரி பில்கள் என்ற குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும் முதலீடானது. ஊழியருக்கு ஜிபிஎஃப் விகிதத்தில் வட்டி. ஓய்வு பெற்றால் சேர்ந்த தொகை கையில் வரும், மாத ஓய்வூதியம் கிடையாது. ஓய்வூதியமே இல்லாத ஓய்வூதியத் திட்டம் என்று ஊழியர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. அவர்கள் கேட்டது ஆடம்பரம் இல்லை. 60 வயதுக்குப் பிறகு மாதம் பிறந்தால் ஒரு தொகை வரும் என்ற நிச்சயம்.

கணக்கு முறையின் கோணத்தில் மட்டும் பார்த்தால் சிபிஎஸ்-ல் ஒரு நல்லது இருந்தது. ஒவ்வொருவர் கணக்கிலும் எவ்வளவு இருக்கிறது என்பது எழுதப்பட்டது. அரசு தர வேண்டியது எவ்வளவு என்று எந்த நாளிலும் சொல்ல முடியும். பழைய திட்டத்தில் நிச்சயம் இருந்தது, எழுத்து இல்லை. சிபிஎஸ்-ல் எழுத்து இருந்தது, நிச்சயம் இல்லை. இரண்டும் சேர்ந்து இருக்க முடியாதா?

முடியும், வேறு நாடுகளில் இருக்கிறது. பிரிட்டனில் ஆசிரியர், மருத்துவப் பணியாளர், அரசு ஊழியர் ஓய்வூதியங்களுக்குத் தனி நிதி கிடையாது. நம் பழைய திட்டம்போலவே வரிப்பணத்திலிருந்துதான் கொடுக்கிறார்கள். ஆனாலும் 2009-10 ஆண்டிலிருந்து முழு அரசுக்குமான ஒருங்கிணைந்த கணக்கை வெளியிடுகிறார்கள், அதில் ஓய்வூதியப் பொறுப்பு மிகப் பெரிய கடன்களில் ஒன்றாகப் பட்டவர்த்தனமாக நிற்கிறது. முதல் கணக்கிலேயே சுமார் 1.1 லட்சம் கோடி பவுண்டு. இன்னொரு ஏற்பாடும் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. நிதி என்று ஒன்று இல்லாவிட்டாலும், பள்ளிகள் ஒவ்வோர் ஆசிரியருக்கும் மாதாமாதம் ஓய்வூதியப் பங்கைக் கட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஏப்ரல் முதல் அது சம்பளத்தில் 28 சதவீதத்துக்கு மேல். இந்த ஆசிரியரை இந்த ஆண்டு வேலைக்கு வைத்திருக்க உண்மையில் ஆகும் செலவு என்ன என்பது அந்தப் பள்ளியின் வரவு செலவிலேயே தெரிந்துவிடும்.

நம்மிடம் ஓய்வூதியம் முழுக்க 2071 என்ற ஒரே பெட்டியில் கிடக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் மானியக் கோரிக்கையைப் படித்தால் ஆசிரியர் சம்பளம் தெரியும், அவர்கள் இந்த ஆண்டு ஈட்டிய ஓய்வூதியம் தெரியாது. காவல்துறைக்கும் அப்படித்தான். ஒரு துறையில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குவதா, ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பதா என்று முடிவெடுக்கும்போது, பாதிச் செலவை மறைத்து வைத்துக்கொண்டு பேசுகிறோம். (ஒப்பந்த முறை எத்தனை பேரின் வாழ்க்கையைப் பாழாக்கியது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. அங்கேயும் மத்திய அரசு ஊழியர்களின் பழைய ஓய்வூதியத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கி வைக்கப்படவில்லை. அந்தக் கடன் இருப்பு நிலைக் குறிப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் 2006-ல் எதிர்கால நிதி என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கி, பட்ஜெட் உபரியையும் டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனப் பங்குகளையும் அதில் போட்டார்கள். அரசு போட்ட மொத்தத் தொகை சுமார் 6,050 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2020-லிருந்து எடுக்கலாம் என்று சட்டம் சொல்லியும் எடுக்காமல் தள்ளிப்போட்டார்கள். 2024 நவம்பரில் அந்தத் தள்ளிவைப்பு 2032-33 வரை நீண்டது. அரசியல்வாதிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். ஆனாலும் கடன் எத்தனை என்று ஆண்டுதோறும் கண்ணெதிரே தெரிந்ததால், அதற்குப் பணம் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடி அங்கே வந்தது. தெரியாத கடனுக்கு யாரும் உண்டியல் வைப்பதில்லை.

இனி, எதிர்ப்பக்கத்து வாதங்களில் வலுவானதைப் பார்ப்போம். 30, 40 ஆண்டு தள்ளிக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு இன்றைய மதிப்பு போடுவது ஊகம்தானே என்பார்கள். உண்மை. நம் உதவியாளரின் கணக்கில் 7 சதவீதத்துக்குப் பதில் 9 சதவீதம் என்று வைத்தால் 64 லட்சம் சுமார் 53 லட்சமாக இறங்கிவிடும். 5 சதவீதம் என்றால் 79 லட்சத்துக்கு ஏறிவிடும். ஆள் அவரேதான், ஓய்வூதியமும் அதேதான். பிரிட்டனில் இது பூதாகரமாக நடந்தது. 2022 மார்ச்சில் சுமார் 2.6 லட்சம் கோடி பவுண்டாக இருந்த ஓய்வூதியப் பொறுப்பு, அடுத்த மார்ச்சில் 1.4 லட்சம் கோடியாகச் சரிந்தது. யாருடைய ஓய்வூதியத்தையும் வெட்டவில்லை. சந்தையில் வட்டி விகிதம் ஏறியது, எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதம் அதோடு ஏறியது, அவ்வளவுதான். ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட பாதியாகும் எண்ணை நம்பி எப்படி ஆட்சி நடத்துவது?

என் பதில், அந்த ஏற்ற இறக்கத்தைத் தனி வரியில் போடுங்கள் என்பதுதான். முறையாக எழுதும் ஓய்வூதியக் கணக்கில் மூன்று விதமான மாற்றங்கள் தனித்தனியே தெரியும். இந்த ஆண்டு செய்த வேலையால் புதிதாகச் சேர்ந்த பொறுப்பு ஒன்று. பழைய பொறுப்பு ஓராண்டு நெருங்கி வந்ததால் ஏறிய வட்டி இன்னொன்று. அனுமானங்கள் மாறியதால் வந்த கூடுதல் குறைவு மூன்றாவது. அமைச்சரவை எடுக்கும் முடிவுகளை எடைபோட முதலாவதுதான் முக்கியம், அது அவ்வளவாக ஆடாது, விகிதத்தை நீண்ட கால நோக்கில் நிலையாக வைத்துக் கணக்கிட்டால். ஆஸ்திரேலிய பட்ஜெட்டில் அப்படித்தான் ஒரு நீண்டகால விகிதம் வைத்துக்கொள்கிறார்கள், ஆண்டு இறுதிக் கணக்கில் சந்தை விகிதத்தைப் போடுகிறார்கள். இரண்டு எண்ணும் வேறுபடும். வேறுபடட்டும், இரண்டும் வெளியே இருக்கின்றன. 50 லட்சமா 80 லட்சமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்பதற்காகப் பூஜ்யம் என்று எழுதுவது எந்த வகையிலும் துல்லியம் ஆகாது.

அரசு என்ன திவாலாகப் போகிற கம்பெனியா, வரி போடும் அதிகாரம் இருக்கிறதே, எதற்கு இதெல்லாம் என்றும் கேட்பார்கள். அதே வரி அதிகாரத்தை நம்பித்தான் கடன் பத்திரங்களையும் விற்கிறோம். அவற்றைக் கடன் என்று எழுதுவதில் யாருக்கும் தயக்கமில்லை. நாளைக்குக் கொடுக்கப்போகும் சம்பளத்தைக் கடனாக எழுதச் சொல்லவில்லை, அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. ஓய்வூதியம் நடந்து முடிந்த வேலைக்கானது. நம் நாட்டிலேயே வங்கிகளும் கம்பெனிகளும் ஆக்சுவரி (ஆயுள், வட்டி அனுமானங்களை வைத்து எதிர்காலப் பொறுப்பைக் கணக்கிடும் நிபுணர்) மதிப்பீடு செய்து இதை எழுதித்தான் ஆக வேண்டும். 2010-ல் வங்கி ஊழியர்களுக்குப் பென்ஷனில் சேர இரண்டாவது வாய்ப்பு கிடைத்தபோது, அதனால் வந்த பொறுப்பு ஒரே ஆண்டில் லாபத்தை அடித்துச் சென்றுவிடும் என்று, 5 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுத ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பாருங்கள், அங்கே முடிவெடுத்த கையோடு செலவு கணக்கில் வந்து நின்றது. பொதுத்துறை வங்கிகளின் பெரும்பங்கு உரிமையாளரான அரசு தனக்கு மட்டும் அந்த விதியை வைத்துக்கொள்ளவில்லை.

முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சிஏஜி 2002-ல் அரசுக் கணக்கியல் தரங்களுக்கான ஆலோசனை வாரியத்தை அமைத்தார். ரொக்க முறையை விட்டு, பொறுப்பு உண்டாகும்போதே எழுதும் திரட்டு முறைக்கு மாற வேண்டும் என்று 12-வது நிதிக்குழு சொன்னது. கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டார்கள். 20 ஆண்டு ஓடிவிட்டது. இத்தனைக்கும் தமிழ்நாட்டின் நகராட்சிகள் 2000-களின் தொடக்கத்திலேயே திரட்டு முறைக்கு மாறிவிட்டன. நகராட்சியால் முடிந்தது தலைமைச் செயலகத்தால் முடியாது என்பதை ஏற்க முடியவில்லை.

ஊழியர் சங்கங்களிடம் ஒரு பயம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். இவ்வளவு லட்சம் கோடி என்று ஓர் எண் வெளியே வந்தால், அதைக் காட்டியே ஓய்வூதியத்தை வெட்டுவார்கள், ஊடகங்கள் அரசு ஊழியர்களைத் தின்று கொழுப்பவர்களாகச் சித்திரிக்கும் என்ற பயம். நடக்கக்கூடியதுதான். ஆனாலும் அவர்கள் பக்கத்தில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் நகரா வழக்கின் தீர்ப்பு. 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் கொடையல்ல, செய்த பணிக்கான உரிமை என்று சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒருவருக்கு உரிமை என்றால் இன்னொருவருக்குக் கடன். கடனாக எழுதாதே என்று சொல்வது, அந்த உரிமையை நாமே பாதி விட்டுக்கொடுப்பது.

எழுதப்படாத வாக்குறுதிக்கு, பணம் சேர்க்கப்படாத வாக்குறுதிக்கு என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வு பெற்ற ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பல ஆண்டுகள் அகவிலைப்படி உயர்வு இல்லாமல், 2015-ல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பணிக்கொடைக்கும் மற்ற பலன்களுக்கும் காத்துக்கிடந்தார்கள், நீதிமன்றம் போனார்கள், பேருந்து நிலையங்களுக்கு முன்னால் உட்கார்ந்து போராடினார்கள். வாக்குறுதி காகிதத்தில் இருந்தது. கழகங்களின் கையில் பணம் இல்லை. வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் டெட்ராய்ட். 2013 ஜூலையில் அந்த நகரம் திவால் மனு கொடுத்தபோது, ஓய்வூதிய நிதியில் சுமார் 350 கோடி டாலர் பற்றாக்குறை என்று அவசரகால நிர்வாகி சொன்னார். அதுவரை நிதியின் சொந்த மதிப்பீடுகள், சாதகமான அனுமானங்களை வைத்து, அதைவிட மிகக் குறைவாகவே காட்டியிருந்தன. கடைசியில் பொது ஊழியர்களின் ஓய்வூதியம் 4.5 சதவீதம் வெட்டப்பட்டது, விலைவாசிக்கேற்ற உயர்வும் போனது. தவறான எண் முதலில் காவு வாங்கியது ஓய்வூதியர்களைத்தான்.

2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. ஊழியர் 10 சதவீதம் கட்டுவார், கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் ஓய்வூதியம், அகவிலைப்படி உயர்வு, குடும்ப ஓய்வூதியம் எல்லாம் உண்டு. மீதித் தேவையை அரசு ஏற்கும். ஓய்வூதிய நிதிக்கு ஒருமுறை 13 ஆயிரம் கோடி ரூபாயும், அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் 11 ஆயிரம் கோடியும் அரசு போட வேண்டியிருக்கும் என்று அறிவிப்பில் சொன்னார்கள். மத்திய அரசும் 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் இதே திசைக்கு வந்துவிட்டது. அங்கே அரசின் பங்கு 18.5 சதவீதம்.

நிச்சயமும் எழுத்தும் சேர்ந்து வர இது ஒரு வாய்ப்பு. 50 சதவீதம் என்று உறுதி கொடுத்த பிறகு, நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கதைதான். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மறுபாதி. அந்த இடைவெளியை ஆண்டுதோறும் ஆக்சுவரி கணக்கிட்டு, பயன்படுத்திய விகிதத்தோடும் ஆயுள் அனுமானத்தோடும் சேர்த்து, பட்ஜெட் ஆவணங்களோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அரசு ஒரு வருடம் தன் பங்கைக் குறைவாகப் போட்டால் அது அந்த வருடமே எல்லோருக்கும் தெரிய வேண்டும். நெருக்கடி வந்தால் எடுத்துச் செலவழிக்க முடியாதபடி, பொதுக் கணக்குக்கு வெளியே ஓர் அறக்கட்டளையில் அந்தப் பணம் இருக்க வேண்டும். அகவிலைப்படி, ஊதியக்குழு, ஓய்வு வயது என்று எதை மாற்றினாலும் பொறுப்பு எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்பது அரசாணையிலேயே இருக்க வேண்டும்.

பழைய திட்டத்துக்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. 2003 மார்ச்சில் 23 வயதில் பணியில் சேர்ந்தவர் 2040 வாக்கில்தான் ஓய்வு பெறுவார். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் 2060-களிலும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் இனி யாரும் புதிதாகச் சேரப்போவதில்லை. யார் யார், என்ன வயது, என்ன சம்பளம் என்ற விவரம் முழுக்கக் கருவூலத்தின் கணினியில் இருக்கிறது. மூடப்பட்ட ஒரு பட்டியலுக்கு மதிப்பீடு செய்வதைவிட எளிதான வேலை ஆக்சுவரிக்கு இல்லை. அடுத்த பட்ஜெட்டிலேயே அந்த எண்ணை வெளியிடலாம்.